அழிக்க முடியாத ஆப்கள் - ஒரு சின்ன வரலாறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் தொழிற்சாலைகள்தான் கண்ணில் படும். 2006-லிருந்து 2014 நவம்பர் 1 வரை இந்த வட்டாரத்தில் போன் என்றால் நோக்கியா. பிறகு பாக்ஸ்கான். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்று வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சரி, இப்படித் தயாராகும் போனுக்குள் எது நிரந்தரமாக இருக்கும், எதை நாம் அழிக்கலாம் என்று முடிவு செய்வது யார்? போனை வாங்கியவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்!

நோக்கியா 1100 காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பாம்பு விளையாட்டை அழிக்க யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஆண்ட்ராய்டு வந்த பிறகுதான் வம்பு.

ஆண்ட்ராய்டு போனின் நினைவகத்தை ஒரு வீடாக நினைத்துக் கொள்ளுங்கள். 'சிஸ்டம்' என்ற அறைக்குப் பூட்டு உண்டு; கம்பெனி வைத்த ஆப்கள் அங்கே இருக்கும். 'டேட்டா' என்ற அறை நமக்கு. நாம் இறக்கும் ஆப்கள் அங்கே போகும். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் டேட்டா அறை மட்டும் காலியாகும், சிஸ்டம் அறையில் இருப்பது அப்படியே இருக்கும். ரூட் செய்வது என்றால் அந்தப் பூட்டுக்குச் சாவி வாங்குவது.

முதல் சாவி கிடைத்த கதை வேடிக்கையானது. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1 விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே ஒரு ஓட்டை தெரிந்தது. திரையில் எதைத் தட்டினாலும், பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரூட் கன்சோலுக்கும் அது போய்ச் சேர்ந்தது. யாரோ 'ரீபூட்' என்ற சொல்லைத் தட்ட, போன் உண்மையிலேயே அணைந்து மறுபடி எழுந்தது :-) கூகுள் உடனே அடைத்துவிட்டது. ஆனால் ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

2009-ல் ஸ்டீவ் கோண்டிக் உருவாக்கிய சயனோஜென்மாட் பிரபலமானது. கூகுளின் சொந்த ஆப்களையும் சேர்த்துக் கொடுத்ததால் அந்த செப்டம்பரில் கூகுளிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அதன் பிறகு அந்த ஆப்கள் இல்லாமல் வெளியிட்டார். வேண்டியவர்கள் தாங்களே தனியாகப் போட்டுக்கொண்டார்கள்.

நம் ஊரில் ஆசை வேறு மாதிரி. 2011-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் போனில் ஆப்களுக்கு இருந்த இடம் சுமார் 180 எம்.பி.தான். ஆனால் பூட்டிய சிஸ்டம் அறையில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். டைட்டானியம் பேக்கப், லிங்க்2எஸ்டி போன்றவற்றைக் கொண்டு ஆப்பை அங்கே தள்ளிவிட்டால் இங்கே மூச்சு விடலாம். கையாலேயே செய்பவர்களும் உண்டு: அறையை எழுதும் நிலைக்கு மாற்றி, கோப்பை நகலெடுத்து, அனுமதியை 644 என்று வைத்து, போனை மறுபடி கிளப்ப வேண்டும். அனுமதியை மறந்தால் ஆப் கண்ணிலேயே படாது. தவறான கோப்பை அழித்தால் போன் எழுந்திருக்கவே செய்யாது.

இதற்கு இன்னொரு நல்ல காரணமும் இருந்தது, திருட்டு. செர்பரஸ் போன்ற கண்காணிப்பு ஆப்பை சிஸ்டத்தில் வைத்துவிட்டால் திருடன் ரீசெட் செய்தாலும் அது பிழைத்திருக்கும்.

பூட்டும் வலுத்துக்கொண்டே போனது. 2013-ல் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது அதிக அதிகாரமுள்ள ஆப்களுக்குத் தனி ஃபோல்டர் ஒதுக்கப்பட்டது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு பல போன்களில் சிஸ்டம் அறையில் எழுதவே முடியாமல் போனது. 2016-ல் வந்த மேஜிஸ்க் அந்த அறையைத் தொடாமல், அதன் மேல் ஒரு திரையை விரித்து வேலையை முடித்தது.

அதற்குள் சண்டை கோர்ட்டுக்குப் போய்விட்டது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்பே ஏற்றிய தன் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் நீக்குவது பற்றிய அந்த உத்தரவை ரத்து செய்தது. நமக்கு வேண்டியது அதுதான், அதுவே போனது!

2025 நவம்பர் 28 அன்று இதே கதை தலைகீழாக வந்தது. இந்த முறை ஆப்பை நிரந்தரமாக்க நினைத்தது அரசு. சஞ்சார் சாத்தி ஆப்பை 90 நாளில் எல்லாப் புதுப் போன்களிலும் ஏற்ற வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்க முடியக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தொலைந்த போனை முடக்க உதவும் ஆப்தான் அது. ஆனாலும் வேவு பார்க்கப்படுமோ என்ற பயத்தில் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் வாபஸ் ஆனது. இப்போது வேண்டியவர்கள் தாங்களே இறக்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அழித்தும் விடலாம்.