ஒருமுறை பேசிய குரல் மறுபடி மறுபடி ஒலித்தால் காசு வருமா?

2011இல் ஐஃபோனில் அறிமுகமான 'சிரி'யின் அமெரிக்கப் பெண் குரல் ஞாபகம் இருக்கிறதா? அது தம் குரல்தான் என்கிறார் அட்லாண்டாவைச் சேர்ந்த சூசன் பென்னட்.

2005 ஜூலையில் ஸ்கேன்சாஃப்ட் நிறுவனத்துக்காக நாளுக்கு 4 மணி நேரம், மாதம் முழுக்க வாக்கியங்களைப் பதிவு செய்தார். அவை ஐஃபோனுக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்ததாம்! பதிவு செய்த நேரத்துக்குச் சம்பளம் கிடைத்தது. 'சிரி'க்காகத் தனியாக எதுவும் வரவில்லை.

ஏன் அப்படி?

எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

விளம்பரங்களில் கதை வேறு. அமெரிக்காவின் சாக்-ஆஃப்ட்ரா தொழிற்சங்க ஒப்பந்தங்களில் 13 வாரச் சுற்று வழக்கம். அடுத்த சுற்றிலும் விளம்பரம் ஓடினால் மறுபடி கட்டணம். விளம்பரம் ஓடுவதை எண்ணலாம். பதிவைத் துண்டு துண்டாக்கிப் புதிய வாக்கியங்களைப் பேசவைக்கும் கணினிக் குரலை எப்படி எண்ணுவது? சிக்கலே அங்கேதான்.

சம்மதிக்காத இடத்தில் குரல் ஒலித்தால்?

வழக்குப் போடலாம். கனடாவின் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புப் பணிக்காகப் பதிவு செய்த தம் குரல் டிக்டாக்கில் ஒலிப்பதாக 2021இல் வழக்குத் தொடுத்தார். டிக்டாக் குரலை மாற்றியது. அதே ஆண்டில் சமரசமும் ஆனது.