பாடம் செய்த தலைகளும் பாடம் சொல்லும் வரலாறும்

வேட்டையில் கிடைத்த பொருளைப் போற்றி வைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சிறுவர் மார்பில் புலிப்பல் தாலி விளங்கியதைச் சங்கச் சான்றோர் பாடியுள்ளனர். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கொங்கு நாட்டில் இன்றும் காணப்பெறும் புலிகுத்திக் கற்களில், கால்நடையைக் காக்கப் புலியோடு பொருத வீரனும் அவனை எதிர்த்த புலியும் ஒரே கல்லில் நிற்கக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரி மலைக்கு வந்த வழக்கம் இதனின் வேறானது. விலங்கின் தலை அறுத்தெடுக்கப்பெற்றுப் பலகையில் பொருத்தப்பெற்றுச் சுவரில் ஏறியது. அதன் கீழ், சுட்டவர் பெயரும் சுட்ட நாளும் பொறிக்கப்பெற்றன. நடுகல் மாண்டவனை நினைக்க எழுந்தது; சுவரில் ஏறிய தலையோ உயிரோடு திரும்பியவனைப் பாராட்ட எழுந்தது. அவ்வாறு பாராட்டப்பெற்றவர்கள் இன்று இல்லை. தலைகள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் மாட்டுவதா, அரசிடம் ஒப்படைப்பதா என்னும் வினா அவர்தம் வழித்தோன்றல்களின் முன் நிற்கிறது. வெலிங்டனைப் போன்ற படைநகரின் வரலாற்றோடு இவ்வினா நெருங்கிய தொடர்புடையது.

படைநகரும் வேட்டையும்

ஜெகதளா என்னும் படகர் ஊரை அடுத்து 1852இல் படைவீடுகள் எழத் தொடங்கின. நோயுற்ற ஆங்கிலப் படைவீரர் குளிர்ந்த மலைக்காற்றில் உடல் தேறுதற்கு உரிய இடமாக அது கருதப்பட்டது. 1860இல் வெலிங்டன் கோமகன் பெயரை அவ்விடம் பெற்றது. நாடு விடுதலை பெற்ற 1947இல் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி குவெட்டாவிலிருந்து இங்கு வந்தது. மதராஸ் படைப்பிரிவின் மையமும் இங்கேயே நிலைபெற்றது.

அக்காலப் படை அதிகாரிகளின் ஓய்வுப் பொழுது பெரும்பாலும் வேட்டையில் கழிந்தது. இங்கிலாந்தின் செந்நரி இம்மலையில் இல்லாமையால், இங்குள்ள நரியையே வேட்டை நாய்களை ஏவித் துரத்தினர். 1841இல் தோன்றிய உதகை கிளப்பின் சுவர்களில் விலங்குத் தலைகள் வரிசையாக இடம்பெற்றன. தேயிலைத் தோட்டத் துரைமார் பங்களாக்களும் அவ்வழக்கத்தைப் பின்பற்றின.

வேட்டையாளர் பெரிதும் விரும்பியவற்றுள் வரையாடும் ஒன்று. சங்க நூல்கள் வருடை என வழங்கும் இவ்விலங்கை அவர்கள் 'ஐபெக்ஸ்' எனத் தம் நாட்டு வழக்கிலிருந்து எடுத்த பெயரால் அழைத்தனர். முதுகில் வெண்திட்டு விழுந்த முதிர்ந்த கடாவின் தலையே பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. இதே மலையின் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்த தோதவர் புலால் உண்ணாதவர், வேட்டையாடாதவர். ஒரே மலைமுகட்டில் ஒரே விலங்கை இரு சமூகத்தார் இருவேறு கண்கொண்டு நோக்கினர் எனலாம்.

விலங்குகள் அருகிவரக் கண்ட வேட்டையாளரே 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை நிறுவினர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உரிமம் பெற்றே சுட வேண்டும், இனப்பெருக்கக் காலத்தில் சுடலாகாது என்னும் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. துப்பாக்கியால் குறைந்த வரையாடு, துப்பாக்கி ஏந்தியவர் விதித்த கட்டுப்பாட்டால் ஓரளவு எஞ்சியது. வரலாற்றின் இம்முரண்பாட்டை மறைக்காமல் கூறுதல் வேண்டும். பின்னாளில் புல்வெளிகளை விழுங்கிய சீகையும் யூகலிப்டசும் தேயிலையும் துப்பாக்கிக்குக் குறையாத கேட்டை விளைத்தன என்பதும் உடன் கூறத்தக்கதே.

மைசூர்ப் பட்டறை

விலங்கின் உடலைக் கெடாமல் காக்கும் தொழிலைத் தமிழில் 'பாடம் செய்தல்' என்பர். தோலை உரித்துப் பதனிட்டு, விலங்கின் வடிவில் செய்த கூட்டின்மேல் போர்த்தி, கண்ணாடி விழி பதித்துத் தைப்பது அத்தொழில். தென்னாட்டில் இதற்குப் பெயர் பெற்றது மைசூரின் வான் இங்கன் நிறுவனம். 1900 அளவில் தொடங்கி 1999இல் மூடப்பெற்ற அப்பட்டறையில், புலியும் சிறுத்தையும் மட்டுமே 40,000க்கு மேல் பாடம் செய்யப்பட்டன. மன்னர் முதல் படை அதிகாரி வரை பலரும் தாம் சுட்டவற்றை அங்கு அனுப்பினர். இந்த எண்ணிக்கையே ஒரு வரலாற்று ஆவணம். எத்தனை புலிகள் இருந்தன என்பதை நாம் அறிந்ததைக் காட்டிலும், எத்தனை புலிகள் கொல்லப்பட்டன என்பதைப் பட்டறைக் கணக்கேடு தெளிவாகக் காட்டிவிட்டது.

பழைய பாடங்களில் பூச்சி அரிக்காதிருக்க ஆர்சனிக் நஞ்சு கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் பூசுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஆதலின் பழந்தலைகளை வெறுங்கையால் துடைப்பதும், குழந்தைகள் தொட்டு விளையாட விடுவதும் தவிர்க்கத்தக்கவை. பெருமைச் சின்னமாக மாட்டப்பெற்ற பொருள் வீட்டுக்குள் நஞ்சைச் சுமந்தபடியே தொங்குகிறது.

சட்டம் வகுத்த வழி

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பொருள்களின் நிலையை அடியோடு மாற்றியது. உயர் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற விலங்குகளின் தலை, தோல் முதலியவற்றை வைத்திருப்போர் 30 நாட்களுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. வரையாடும் புலியும் அப்பட்டியலில் அடங்குவன. ஆய்வுக்குப் பின் உரிமைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. 1991இன் திருத்தம் வேட்டை உரிமங்களுக்கு முடிவு கட்டியது. அறிவிக்கத் தவறியோர்க்கு 2003இல் 180 நாள் வாய்ப்பு மீண்டும் அளிக்கப்பட்டது.

மரபுரிமையாகப் பெறுவோர் 90 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். விற்றலும் விலைக்கு மாற்றுதலும் கூடா. வேறு மாநிலத்துக்குக் கொண்டு சென்றால் 30 நாட்களுக்குள் தெரிவித்தல் கடமை. ஊர்தோறும் மாற்றலாகும் படைக் குடும்பத்தார்க்கு இவ்விதி சிறப்பாகப் பொருந்தும். 2022இன் திருத்தம் மற்றொரு கதவையும் திறந்துள்ளது. சான்றிதழ் உடையோர் வைத்திருக்க விரும்பாவிடின், ஏழு வேலை நாள் முன்னறிவிப்புத் தந்து அரசிடம் ஒப்படைக்கலாம். இழப்பீடு ஏதும் கிடையாது. ஆகவே இன்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு சட்டத்தை விடவும் குடும்பத்தின் மனச்சான்றைச் சார்ந்தே உள்ளது.

வைப்பதா, விடுப்பதா

எரித்துவிடுதலே முறை என்பார் உளர். 2021 செப்டம்பர் 22இல் அஸ்ஸாம் அரசு 2,479 காண்டாமிருகக் கொம்புகளை எரித்தது. கள்ளச் சந்தையில் பெருவிலை பெறும் பொருளுக்கு விலையே இல்லை என உலகுக்கு உணர்த்த அது வேண்டியதாயிற்று. அங்கும் 94 கொம்புகள் அருங்காட்சியகத்துக்கென விடப்பட்டன. வரையாட்டின் தலைக்கு அத்தகைய சந்தை இல்லை. அதனை எரித்தால் ஒரு சான்று அழியுமேயன்றி ஒரு குற்றம் தடைப்படாது.

பாட்டனாரின் பெருமையைக் காத்தல் பேரனின் கடன் என்பார் மறுபுறம் உளர். அக்கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. அக்காலத்து அறத்தை இக்காலத்துக் கோலால் அளந்து முன்னோரைப் பழித்தல் எளிது. ஆயினும் பெருமை என்பது எது? நீலகிரி வனவிலங்குச் சங்கத்தில் தொண்டாற்றிய வழக்கறிஞர் இ. ஆர். சி. டேவிதார் முதலில் வேட்டையாளர். பின்னர்த் துப்பாக்கியை விடுத்து, 1975இல் வரையாட்டை ஆராய்ந்து கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாள் தமிழகத்தில் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் புகைப்படக் கருவியோடு காடுகளில் நடந்து, 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார். இவ்விருவரையும் நாடு நினைப்பது சுவரில் மாட்டிய தலைகளால் அன்று.

எனவே தலையை வைத்திருப்போர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே. இத்தலையால் அறியப்படுவது யாது? எந்த மலையில், எந்த ஆண்டில், எத்தகைய விலங்கு வீழ்ந்தது என்னும் குறிப்பு உடன் இருக்குமாயின், அது ஆவணம். இன்று அவ்விலங்கு காணப்படாத ஒரு குன்றில் முன்பு வாழ்ந்தது என்பதற்கு அது சான்றாகலாம். அதனைக் குறிப்புடன் காத்தல் அல்லது அரசிடம் ஒப்படைத்தல் தக்கது. 1902இல் கோவையில் அமைந்த காஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்களில், பாடம் செய்த விலங்குகள் மாணவர்க்கு மெய்யாகவே பாடம் சொல்கின்றன. குறிப்பு ஏதுமின்றி அலங்காரமாக மட்டுமே தொங்கும் தலையை மெருகிட்டு மீண்டும் மாட்டுவதில் பயனில்லை. அதனை ஒப்படைத்தலால் முன்னோர்க்கு இழுக்கும் இல்லை.

ஆவணமாக வைப்போர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. இம்மலையின் வழிகளையும் விலங்கின் தடங்களையும் அறிந்தவர் குறும்பரும் இருளரும் போன்ற காட்டு மக்களே. வேட்டை நூல்களில் முன்னே நடந்து வழிகாட்டியவர் 'ஷிகாரி' என்னும் பொதுப்பெயரோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார். பலகையில் அவர் பெயர் இல்லை. குடும்பக் கடிதங்களிலோ நாட்குறிப்புகளிலோ அப்பெயர் கிடைக்குமாயின் அதனையும் எழுதி வைத்தல் வேண்டும். பொருத இருவரையும் ஒரே கல்லில் நிறுத்திய நம் மரபுக்கு அதுவே ஏற்றது.

முக்கூர்த்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2023இல் தமிழக அரசு வரையாட்டுக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன. மாநில விலங்கெனப் பெயர் பெற்ற ஓர் இனத்துக்கு இது பெரிய எண்ணிக்கையன்று. வெலிங்டன் சுவரிலுள்ள ஒரு தலையைப் பற்றி எடுக்கும் முடிவு, மலையில் நிற்கும் இந்த ஆயிரத்தை நினைத்து எடுக்கும் முடிவாக அமைதல் வேண்டும். வருடையைப் பாடிய புலவர் அதனைப் பாறைச் சரிவில் நின்ற நிலையிலேயே கண்டனர். இன்றைய கவிஞர்க்கும் அது அவ்வாறே காணக் கிடைத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு கூறும் பாடம்.