ரெனிஸ் முழங்கையும் ஊசி மருந்தும்

முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தோன்றி, தேநீர்க் கோப்பையைத் தூக்குவதையும் ஈரத்துணியைப் பிழிவதையும் பெருவேதனையாக்கும் நோவுக்கு ரெனிஸ் முழங்கை என்னும் பெயர் வாய்த்தமை ஒரு தற்செயலேயாகும். 1873ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் றுங்க என்பார் இதனை எழுதுவோரின் கைந்நோவாகவே விவரித்தார். விங்பீல்ட் புற்றரை ரெனிசுக்கு உரிமம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டில். 1880களின் தொடக்கத்தில் ஆங்கில வைத்திய ஏடுகள் நோயை அவ்விளையாட்டோடு இணைத்தன. நோயாளருட் பெரும்பாலோர் ரெனிஸ் மட்டையைத் தொட்டறியாதோராயிருக்க, கனவான்களின் விளையாட்டுப் பெயரே நிலைத்துவிட்டது.

ஊசி மருந்தின் கதை 1948 செப்ரெம்பரில் அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தில் தொடங்குகின்றது. மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்கு ஹென்ச் குழுவினர் கோட்டிசோன் செலுத்தினர். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கென்டல், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1951இல் ஹொலண்டர் ஐதரோகோட்டிசோனை நேரே மூட்டினுள் செலுத்திக் கண்ட பயனை வெளியிட, 1950களிலேயே அவ்வூசி முழங்கை நோவுக்கும் வந்து சேர்ந்தது. முழங்கை நோவு ஓர் அழற்சி. கோட்டிசோன் அழற்சியை அடக்கும். ஆகவே அதுவே மருந்து என்பது அக்காலத் தருக்கம். நோவும் விரைந்து தணிந்தமையால் அத்தருக்கத்தை ஐயுறுவார் அரியராயினர்.

ஐயம் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து பிறந்தது. 1979இல் நேர்ஷல், பெற்றோன் ஆகிய இருவரும் தாம் வெட்டியெடுத்த தசைநாண் இழையத்தில் ஒழுங்கு குலைந்த நார்களையும் புதிய குருதிக்கலன்களையும் கண்டனர். இது அழற்சியன்று, தேய்வும் நிறைவுறாத ஆறுதலுமே என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. அவ்வாறாயின் கோட்டிசோன் அடக்குவதுதான் எதனை?

2002இல் வெளியான ஒல்லாந்து ஆய்வு விடையைக் கூர்மையாக்கியது. 185 நோயாளருள் ஆறாவது வாரத்தில் ஊசி பெற்றோரில் 92 வீதத்தினர் தேறினர். எதுவும் செய்யாது காத்திருந்தோரில் 32 வீதத்தினரே தேறினர். ஓராண்டின் முடிவிலோ நிலை தலைகீழாயிற்று: ஊசி பெற்றோர் 69 வீதம், காத்திருந்தோர் 83 வீதம், இயன்மருத்துவம் பெற்றோர் 91 வீதம். 2013இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், மருந்தற்ற போலி ஊசி பெற்றோருள் 12 வீதத்தினருக்கே நோவு மீண்டது. மருந்தூசி பெற்றோரில் அது 54 வீதமாயிற்று.

இந்த இடைவெளியிலேயே நோயாளியின் சொந்தக் குருதி மருந்தாக வந்தது. குருதியைச் சுழற்றிப் பிரித்து, சிறுதட்டுக்கள் செறிந்த பகுதியைத் தசைநாணில் செலுத்துவது இதன் முறை. 2010இல் வெளியான ஒல்லாந்து ஆய்வொன்றில் 100 பேர் பங்குபற்றினர். ஓராண்டின் பின் இவ்வூசி 73 வீதத்தினருக்கும் கோட்டிசோன் வகை ஊசி 49 வீதத்தினருக்கும் பயனளித்தன. இவ்வெற்றி பெரிதும் கொண்டாடப்பட்டது. ஆனால் தோற்ற எதிராளி யார்? வாளாவிருத்தலுக்கே ஓராண்டில் தோற்ற மருந்து அது. அதனை வென்றமை சிறுதட்டு ஊசியின் ஆற்றலைக் காட்டுவதாகாது. 2013இல் டென்மார்க்கில் உப்புநீர் ஊசியும் ஒப்பீட்டிற் சேர்க்கப்பட்டபோது, மூன்று மாதத்தில் மூன்றும் நோவைத் தணிப்பதில் வேறுபடவில்லை. 32 ஆய்வுகளையும் 2337 நோயாளரையும் திரட்டிய 2021ஆம் ஆண்டின் கொக்றேன் மதிப்பீடும், குருதி ஊசிகளாற் குறிப்பிடத்தக்க நன்மை இருத்தல் அரிது என்றே கண்டது.

எனினும் கோட்டிசோன் ஊசி மறைந்துவிடவில்லை. கையுழைப்பையே நம்பி வாழ்பவனுக்கு ஆறு வாரச் சுகம் அற்பமானதன்று. ஓராண்டு காத்திருக்கும் வசதி அவனுக்கு வாய்ப்பதுமில்லை.