கிங்காங், தாரா சிங், அப்புறம் எங்க பெரியப்பா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். குஸ்தி பிடிக்காதவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம், கோச்சுக்க மாட்டேன்.

எங்க பெரியப்பாவுக்கு வீடு மந்தைவெளியில. சின்ன வயசுல அவரும் அடுத்த வீட்டு நாயுடு மாமாவும் மயிலாப்பூர்லேர்ந்து நடந்தே போய் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல கிங்காங் - தாரா சிங் குஸ்தி பார்த்திருக்காங்க. ரிப்பன் பில்டிங் பின்னாடி இருக்கே, இன்னிக்கு நேரு ஸ்டேடியம்னு சொல்றோமே, அதே இடம்தான். 1956 ஜனவரியில மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்தைப் போட்டுத் தாக்கி முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும் அங்கேதான். ஆனா பெரியப்பாவைக் கேட்டா அந்த மைதானத்துல நடந்த ஒரே முக்கியமான சம்பவம் தாரா சிங் கிங்காங்கைத் தலைக்கு மேல தூக்கினதுதான்.

இதுல ஒரு வில்லங்கம். நாயுடு மாமா "ஜெயிச்சது கிங்காங்"னு அடிச்சுச் சொல்வார். பெரியப்பா "தாரா சிங்"னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவார். ஒரே திண்ணை, ஒரே காபி, முப்பது வருஷமா ஒரே சண்டை. அவங்க ரெண்டு பேரும் போட்ட சண்டைக்கே டிக்கெட் வித்திருக்கலாம்.

தெரியாதவங்களுக்கு: கிங்காங்கோட நிஜப்பேர் எமில் சாயா. 1909-ல அப்போதைய ஆஸ்திரியா-ஹங்கேரியில பிறந்தவர். நானூறு பவுண்டுன்னு விளம்பரம் பண்ணுவாங்க. பெரிய தொந்தி, தாடி, ஒரு உறுமல். தாரா சிங் அமிர்தசரஸ் பக்கம் 1928-ல பிறந்தவர். நாற்பதுகளோட கடைசியில பிழைக்கறதுக்காக சிங்கப்பூர் போனவரை அங்கே குஸ்திக்காரரா ஆக்கிட்டாங்க. சிங்கப்பூர், மலேயா, சிலோன், இந்தியான்னு ஒரு சுத்து. சர்க்கஸ் மாதிரி கூட்டமா ஊர் ஊராப் போவாங்க. 'ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி'ன்னு போஸ்டர் ஒட்டுவாங்க. அதே ரெண்டு பேர் இந்த ஊர்ல ஒரு வாரம், அந்த ஊர்ல ஒரு வாரம்னு ஜென்மப் பகையாளிகளா மோதுவாங்க.

இங்கே ஒரு சின்ன சுத்து சுத்திட்டு வர்றேன், பொறுத்துக்கோங்க. குஸ்தி, பயில்வான், வஸ்தாது, தண்டால், பஸ்கி, இதுல ஒண்ணு கூட தமிழ் கிடையாது. எல்லாம் வடக்கேர்ந்து வந்து நம்ம நாக்குல உருண்டு வடிவம் மாறின வார்த்தைங்க. பாண்டி பஜார்ல இன்னிக்கும் கேட்டு வாங்கறோமே சாண்டோ பனியன், அது யூஜின் சாண்டோங்கற பலசாலியோட பேர். 1905 வாக்குல அவர் இந்தியா வந்து உடம்பைக் காட்டிட்டுப் போனார். நம்ம சின்னப்பா தேவருக்கு முன்னாடி 'சாண்டோ' ஒட்டிக்கிட்டதும் அவரால்தான். அதனால குஸ்தியே இறக்குமதிச் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் மல்லர்கள் விஷயத்துக்குக் கடைசியில வர்றேன்.

இப்ப என் கதை. 1993. எங்க தெருவுக்குக் கேபிள் வந்து கொஞ்ச நாள் ஆயிருந்தது. ஸ்டார் டிவியில டபிள்யூ டபிள்யூ எஃப். ஸ்கூல்ல ட்ரம்ப் கார்டு. ஹைட்டு, வெயிட்டு, செஸ்ட்டு, பைசெப்ஸ்னு கத்திக்கிட்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுலயே போகும். யோகோசுனான்னு ஒரு குண்டு ஆள் வந்தான். ஜப்பான் சுமோ வீரன்னு சொன்னாங்க. (பிற்பாடுதான் தெரிஞ்சது, ஆள் சமோவா வம்சம், ஜப்பானுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.) பெரியப்பா அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இவன் அப்படியே கிங்காங்டா!" அதுலேர்ந்து அவரும் எங்களோட உட்கார்ந்து பார்க்க ஆரம்பிச்சார்.

எனக்குப் பதினாலு வயசு. அந்த வயசுல ஒருத்தனுக்கு ஒரு ரகசியம் தெரிஞ்சா என்ன ஆட்டம் ஆடுவான்னு உங்களுக்குத் தெரியும். லஸ் கார்னர்ல கேசட் கடை வச்சிருந்த அண்ணன் ஒருத்தர் 'எல்லாம் செட்டப்பு'ன்னு சொல்லிட்டார். நான் ஒரு மேட்ச்சை விசிஆர்ல ரெக்கார்ட் பண்ணி, பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்கார வச்சு, நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினேன். "பாருங்க, கை முகத்துல படவே இல்லை. காலால தரையைத் தட்டறான், அதான் சத்தம்." அவர் ஒண்ணும் சொல்லலை. நான் அதோட விட்டிருக்கலாம். "அப்போ உங்க தாரா சிங்கும் டூப்புதான் பெரியப்பா"ன்னேன்.

காபி டம்ளரைக் கீழே வச்சுட்டு எழுந்து போயிட்டார். அதுக்கப்புறம் என்கிட்ட தாரா சிங் பேச்சை எடுக்கவே இல்லை. திண்ணைச் சண்டையும் நான் வந்தா நின்னுடும். பல வருஷம் அப்படியே ஓடிச்சு.

நான் வளர்ந்து, இணையம் வந்து, இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சது எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான்னு இப்ப தோணுது. படிச்சதைச் சொல்றேன்.

1910-ல நம்ம காமா பயில்வான் லண்டன் போனார். போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோட மோதல். அது நிஜக் குஸ்தி. என்ன ஆச்சு தெரியுமா? காமாவோட பலத்தைப் பார்த்த ஸ்பிஸ்கோ தரையோட தரையாக் கவுந்து படுத்துக்கிட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல! காமா புரட்டப் பார்க்கறார், ஆள் அசையலை. டிராவாப் போச்சு. அடுத்த வாரம் மறுபடி மோதணும்னு வச்சப்ப ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-ல பாட்டியாலாவில திரும்ப மோதினப்போ காமா ஒரு நிமிஷத்துக்குள்ள ஆட்டத்தை முடிச்சுட்டார். ரெண்டுமே நிஜம்தான். ஆனா டிக்கெட் வாங்கினவன் பார்வையில பாருங்க. ஒண்ணுல தூங்கிடுவான், இன்னொண்ணுல உட்கார்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருக்கும்.

இருபதுகள்ல அமெரிக்காவுல ஸ்ட்ராங்லர் லூயிஸ், பில்லி சாண்டோ (இவர் வேற சாண்டோ), டூட்ஸ் மாண்ட்னு மூணு பேர் சேர்ந்து இதை மொத்தமா மாத்தினாங்க. நேரக் கணக்கு, பறக்கற அடி, கயித்துக்கு வெளியே விழறது, யார் ஜெயிக்கணும்ங்கறது முன்கூட்டியே முடிவு. தொழில் ரகசியத்தை மட்டும் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது. கிங்காங்கும் தாரா சிங்கும் வந்து சேர்ந்தது இந்தப் பாட்டையிலதான்.

ரகசியம் எப்போ உடைஞ்சது? நான் விசிஆரை நிறுத்தி நிறுத்திக் காட்டறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே! 1989-ல நியூ ஜெர்ஸி மாகாண செனட்ல டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனியே 'இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு'ன்னு ஒத்துக்கிச்சு. எதுக்கு? விளையாட்டுன்னா தடகள வாரியக் கட்டுப்பாடு, வரின்னு தொல்லை. காசை மிச்சம் பிடிக்க அவங்களே சொன்ன விஷயத்தை நான் என்னவோ கண்டுபிடிச்ச மாதிரி பெரியப்பா நெஞ்சுல குத்தியிருக்கேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1976-ல டோக்கியோவில முகமது அலியும் ஜப்பான் மல்லர் இனோக்கியும் மோதினாங்க. இந்த இனோக்கியோட குரு ரிக்கிடோசான், 1955-ல நம்ம கிங்காங்கைத் தோற்கடிச்சு ஆசியப் பட்டம் வாங்கினவர். அலி - இனோக்கி மோதல் பேசி வச்ச நாடகமா இல்லாம நிஜமாவே நடந்தது. விளைவு? பதினஞ்சு ரவுண்டும் இனோக்கி மல்லாக்கப் படுத்துக்கிட்டு அலியோட காலை உதைச்சுக்கிட்டே இருந்தார். டிரா. ஜனங்க கையில கிடைச்சதை எல்லாம் தூக்கி எறிஞ்சாங்க. 1910 லண்டன் கதையேதான்!

அதே அலி 1980-ல சென்னைக்கு வந்தார். பெரியப்பாவோட அதே நேரு ஸ்டேடியம். எதிராளி ஜிம்மி எல்லிஸ். அலியோட சொந்த ஊர்க்காரர், பயிற்சியில கூட நின்னு குத்து வாங்கறவர், பழைய சாம்பியன் வேற. இது கண்காட்சிப் போட்டி, யாருக்கும் அடிபடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். மெட்ராஸ் கூட்டம் கூட்டமாப் போய்ப் பார்த்தது.

2012 ஜூலை 12. காலையில தாரா சிங் மும்பையில இறந்துட்டார்னு செய்தி. டிவி முழுக்க ராமாயணம் சீரியல் அனுமார் வேஷத்துலயே அவரைக் காட்டிக்கிட்டிருந்தாங்க. ஆபீஸ் முடிஞ்சு நேரா மந்தைவெளி போனேன். நாயுடு மாமா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தார். பெரியப்பா சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு டிவியைப் பார்த்துக்கிட்டிருந்தார். என்ன பேசறதுன்னு தெரியலை. கடைசியில நான்தான் ஆரம்பிச்சேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "வருஷா வருஷம் ஐப்பசியில வடபழனிக்கு சூரசம்ஹாரம் பாக்கப் போறேனே, சூரன் தோக்கப் போறான்னு தெரியாமயாடா போறேன்? அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கும் தெரியாதா? உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்குன்னு நினைச்சே."

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவரே தொடர்ந்தார். "சரி, எல்லாம் பேசி வச்சதுன்னே வச்சுக்கோ. நானூறு பவுண்டு ஆளைத் தூக்கினானே, அதுல என்னடா பேசி வைக்கறது? நீ ஒரு கேஸ் சிலிண்டர் தூக்கிக் காட்டு பாப்போம்."

2023 செப்டம்பர்ல ஹைதராபாத்ல டபிள்யூ டபிள்யூ ஈ நிகழ்ச்சி. கச்சிபௌலி பாலயோகி உள்ளரங்கம். வீட்டுல கேலி பண்ணினாங்க, 44 வயசுல இதுக்கு ராத்திரி ரயில் ஏறிப் போகணுமான்னு. போனேன். டிவியில தெரியாத ஒரு விஷயம் நேர்ல தெரிஞ்சது: சத்தம். இரும்புச் சட்டத்து மேல மரப்பலகை, அது மேல மெல்லிசா பஞ்சு, அதுக்கு மேல கேன்வாஸ். அவ்வளவுதான் அந்த மேடை. அதுல ஒரு ஆள் முதுகு விழற சத்தம் இருக்கே, நம்ம முதுகுத்தண்டுல கேட்குது. விழறது எப்போன்னு பேசி வச்சிருக்கலாம், வலியை யார்கிட்ட பேசி வைக்கறது? ஜான் சீனாவும் செத் ரோலின்ஸும் ஒரு பக்கம், கைசரும் வின்ச்சியும் இன்னொரு பக்கம். சீனா நுழைஞ்சப்போ நான் போட்ட சத்தத்துல பக்கத்துல இருந்த காலேஜ் பையன் ஒரு மாதிரியாப் பார்த்தான். பார்த்தா பார்க்கட்டும் :-)

நம்ம ஊர் மல்லர்கள் விஷயத்துக்குக் கடைசியில வர்றேன்னேனே. மாநிலக் கல்லூரியில சிலையா நிக்கிறாரே உ.வே.சா., அவர் 1894-ல அச்சேத்தின புறநானூறுல 80-லேர்ந்து 85 வரைக்கும் ஆறு பாட்டு, ஒரே மல்லன் மேல. போரவைக் கோப்பெருநற்கிள்ளிங்கற சோழன். ஆமூர் மல்லனோட மோதறான். சாத்தந்தையார் மூணு பாட்டுல நேர்முக வர்ணனையே தர்றார். ஒரு முட்டி மார்புல, இன்னொரு கால் முதுகுப் பக்கம் வளைச்சு, எதிராளியோட தலையும் காலும் ரெண்டு பக்கமும் ஒடியற மாதிரி. இன்னொரு பாட்டுல வேகத்துக்கு ஒரு உவமை: ஊர்ல திருவிழா, வீட்டுல பெண்டாட்டிக்குப் பிரசவ வலி, மழை வேற, பொழுதும் சாயுது, அந்த நேரத்துல கட்டில் பின்னறவன் கையில ஊசி எப்படிப் பறக்கும், அப்படிப் பறந்துச்சாம் சண்டை. இன்னிக்கு எந்த வர்ணனையாளர் இப்படிச் சொல்லிடுவார்?

மீதி மூணு பாட்டும் நக்கண்ணையார்ங்கற பொண்ணு பாடினது. வணிகர் வீட்டுப் பொண்ணு, அந்த மல்லன் மேல கிறுக்கு. தமிழ்ல எனக்குத் தெரிஞ்ச முதல் குஸ்தி ரசிகை. 85-ஆவது பாட்டுல ஊரே ரெண்டா நிக்குது. அவன் ஜெயிச்சான்னு ஒரு கூட்டம், ஜெயிக்கலைன்னு ஒரு கூட்டம். இந்தப் பொண்ணு கொலுசு குலுங்க ஓடி, வீட்டு வாசல் பனைமரத்துல சாஞ்சு நின்னு, தன் கண்ணால பார்த்துடறா: வெற்றி அவனுக்குத்தான். வெற்றிக்கு அவ போட்ட வார்த்தை 'ஆடு'. அந்தக் காலத்துல அதுக்கு ஜெயிக்கறதுன்னு ஒரு அர்த்தம் உண்டு. இன்னிக்கு நமக்கு அது கூத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பொதுவான சொல்.

இதைப் படிச்சப்போ எனக்கு மந்தைவெளித் திண்ணைதான் ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பெரியப்பாவும் மாமாவும் வேற வேற நாள் ஆட்டத்தைச் சேர்த்துக் குழப்பிக்கிட்டாங்களோன்னு. இந்தத் தொழில்ல முதல் வாரம் வில்லன் ஜெயிச்சாத்தானே அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போகும். ஆனா இதைப் பெரியப்பாகிட்ட சொல்ற தைரியம் வரலை. ஒரு தடவை பட்டது போதும்.

ஹைதராபாத்லேர்ந்து திரும்பி வந்த அன்னிக்கே அவரைப் பார்க்கப் போனேன். 83 வயசு, காது மந்தம். சத்தமாச் சொன்னேன், குஸ்தி பார்த்துட்டு வந்தேன்னு.

"யாரு ஜெயிச்சா?"

"ஜான் சீனா."

"முதல்ல நல்லா அடி வாங்கினானா?"

"வாங்கினான் பெரியப்பா. செமத்தியா வாங்கினான்."

"அப்ப சரி"ன்னார். காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.