பேர்னேஸ் சாஸ்

பேர்னேஸ் சாஸ் என்பது வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, வினிகர், சின்ன வெங்காயம், டாரகன் என்னும் மூலிகை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் பிரெஞ்சு சாஸ் ஆகும். நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டான ஸ்டேக்குடன் இது பரிமாறப்படுகிறது. பேர்ன் நாட்டின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இது பாரிசுக்கு அருகில் தோன்றியதாகவே கருதப்படுகிறது.

பெயர்

பேர்ன், பிரான்சின் தென்மேற்கில் பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள பகுதி. அதன் தலைநகரான போ நகரில் 1553ஆம் ஆண்டு பிறந்தவர் நான்காம் ஹென்றி. 1589இல் பிரான்சின் மன்னரான இவர், 1598இல் நாந்து ஆணையின் மூலம் புரோட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டு உரிமை வழங்கினார். 'பேர்ன்காரர்' என்பது இவருடைய பட்டப்பெயர்.

பேர்ன் மக்களின் மரபான சமையலில் வாத்துக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் முதன்மையானவை. வெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சாஸ் அந்த மரபுக்குப் புறம்பானது. உணவின் பெயரை மட்டும் வைத்து அதன் பிறப்பிடத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

பாரிசுக்கு மேற்கே உள்ள சேன்-ழெர்மேன்-ஆன்-லே என்னும் ஊரில் 1836இல் 'பவியோன் ஆன்ரி காத்ர்' என்ற உணவகம் திறக்கப்பட்டது. 'நான்காம் ஹென்றியின் மண்டபம்' என்பது இதன் பொருள். ஹென்றி கட்டி முடித்த அரண்மனையில் எஞ்சிய பகுதியில் அது அமைந்திருந்தது. பதினான்காம் லூயி 1638இல் பிறந்ததும் அந்த அரண்மனையில்தான். அங்கிருந்த கொலினே என்னும் சமையல் வல்லுநர் இந்தச் சாஸை உருவாக்கி, மன்னரின் நினைவாகப் பெயரிட்டார் என்பது மரபுச் செய்தி. 1837இல் பாரிசிலிருந்து அவ்வூரின் அடிவாரம் வரை தொடர்வண்டி ஓடத் தொடங்கியதால் நகர மக்கள் அங்கு வந்துபோவது எளிதாயிற்று.

மன்னரின் பெயருக்கு அக்காலத்தில் தனி மதிப்பு இருந்தது. பாரிசின் போந்நெஃப் பாலத்தில் இருந்த அவரது சிலை, புரட்சியின்போது 1792இல் உடைக்கப்பட்டது. முடியாட்சி திரும்பிய பின் 1818இல் அங்கு புதிய சிலை நிறுவப்பட்டது. 1830 புரட்சிக்குப் பின் அரியணை ஏறிய லூயி-பிலிப்பும் ஹென்றியின் வழித்தோன்றலே. 'நல்ல மன்னர்' என்று மக்கள் நினைவில் நின்றவரின் பெயர், ஆட்சி மாறினாலும் செல்வாக்கு இழக்கவில்லை. ஆகவே இந்தப் பெயர் ஒரு வட்டாரச் சமையலைவிட, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசு தன் கடந்த காலத்தை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதையே காட்டுகிறது.

செய்முறை

பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், டாரகன், நசுக்கிய மிளகு ஆகியவற்றை வினிகரிலும் வெள்ளைத் திராட்சை மதுவிலும் இட்டுச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அது சற்று ஆறியதும் மஞ்சள் கருவைச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இடைவிடாமல் அடிக்க வேண்டும். கலவை நுரைத்துக் கெட்டிப்பட்டதும், உருக்கித் தெளியவைத்த வெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அடிக்க வேண்டும். மூன்று மஞ்சள் கருவுக்கு ஏறத்தாழ 200 கிராம் வெண்ணெய் பிடிக்கும். இறுதியில் வடிகட்டி, உப்பும் புதிய டாரகன், செர்வில் இலைகளும் சேர்ப்பர்.

இது ஒரு பால்மம். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், வெண்ணெய்த் துளிகள் நீரிலிருந்து பிரியாமல் காக்கிறது. ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் மஞ்சள் கரு கெட்டிப்படத் தொடங்கும். சூடு மிகுந்தால் கரு கட்டிகட்டியாகிவிடும். வெண்ணெயை அவசரமாக ஊற்றினால் சாஸ் திரிந்துவிடும். திரிந்த சாஸைச் சிறிது வெந்நீரில் மெல்ல ஊற்றி அடித்தால் பெரும்பாலும் மீட்கலாம்.

வகைகள்

பேர்னேஸ், ஹாலந்தேஸ் சாஸின் வழிவந்ததாக வகைப்படுத்தப்படுகிறது. ஹாலந்தேஸில் எலுமிச்சைச் சாறு தரும் புளிப்பை இதில் சுண்டிய வினிகர் தருகிறது. தக்காளி சேர்த்தால் அது ஷோரோன். இறைச்சிச் சாற்றைச் சுண்டவைத்துச் சேர்த்தால் ஃபுவாயோ. டாரகனுக்குப் பதில் புதினா சேர்த்தால் அது பலுவாஸ் எனப்படும். ஹென்றி பிறந்த போ நகரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டுள்ளது.