படை என்னும் ஒரு சொல்: கந்தபுராணப் போரும் ஜப்பானிய அனிமேயும்

ஒஸ்லோவின் வடகிழக்கில், லில்லோமார்க்காக் காட்டின் ஓரத்தில், 1960களில் எழுந்த அடுக்குமாடிகளோடு அமைந்த குடியிருப்பு அம்மருட். சுரங்க ரயிலின் 5ஆம் தடம் அதைத் தொட்டுச் செல்கிறது. ஈழத்தமிழரின் சிவசுப்பிரமணியர் ஆலயமும் அங்கேதான் இருக்கிறது. ஓர் ஐப்பசியில், கந்தசஷ்டி விரத நாளொன்றில், அங்கே ஒரு வீட்டு வரவேற்பறையில் அமர்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையனும் அவன் தங்கையும் காகிதம் சுருட்டிய வாள்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பையன் ஜப்பானிய மொழியில் ஒரு பெயரை உரக்கச் சொன்னான். தங்கை விழ மறுத்தாள். "என்னை மட்டும் வெட்டினாச் சாக மாட்டன். இந்தத் தலகணிதான் என்ர அண்ணன். ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில வெட்டோணும்." சமையலறையில் நின்ற அம்மம்மா எட்டிப் பார்த்தார். "இது எங்கட சூரன் போரெல்லோ!"

அம்மம்மாவின் அந்தச் சொல்லை ஓர் ஆய்வுக் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறேன். மாய ஆற்றல் மிக்க பகைவரோடு பொருதும் அனிமேக் கதைகளைப் பேசுவோர், தனிவீரனின் பெயர்பெற்ற அடியையும் குழுவின் கூட்டு முயற்சியையும் இரண்டு தனிச் சுவைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். முன்னதை வீரம் என்றும் பின்னதை நட்பு என்றும் வகுக்கிறார்கள். இந்தப் பிரிப்பு பொருந்தாது என்பது என் வாதம். அதைக் காட்டத் தமிழில் ஒரு சொல்லே போதும். சேனையும் படை, சேனையின் கையிலுள்ள ஆயுதமும் படை. நோர்வேஜிய மொழியின் அன்றாடப் பேச்சில் ஆயுதத்துக்கு வோப்பன் என்றும் சேனைக்கு ஹேர் என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழிலோ, பூதப்படை என்றால் கூட்டம், மோகப்படை என்றால் ஆயுதம். எது எப்பொருள் என்று இடம்நோக்கிக் கொள்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த ஒரு மரபுக்குள்ளிருந்து பார்க்கும்போது அனிமேயும் வேறு விதமாகத் தெரிகிறது.

அந்தப் பிள்ளைகள் விளையாடிய கதை கிமெட்சு நோ யாய்பா. உலகம் 'டீமன் ஸ்லேயர்' என்று அறிந்தது. கொயோஹாரு கோடோகே 2016 முதல் 2020 வரை வாராந்த இதழில் வரைந்த மங்கா அது. 2019இல் யூஃபோடேபிள் நிறுவனம் அதை அனிமேயாக்கத் தொடங்கியது. மனிதரைத் தின்னும் அரக்கரைக் கழுத்தை வெட்டிக் கொல்லும் வாள்வீரர்கள் மூச்சை ஒரு வித்தையாகப் பயில்கிறார்கள். நீர் மூச்சுக்குப் பத்து வடிவங்கள்; ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் பெயரும் உண்டு. வீசும்போது வீரன் அதைச் சொல்லியே வீசுகிறான். தப்பாமல் கொல்லும் அடிக்கு ஜப்பானியர் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்; ஹிஸ்ஸாட்சு வாசா என்பார்கள்.

பெயரைச் சொல்லிவிட்டு அடிப்பது பகைவனுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது போலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் வேறு பணிகளைச் செய்கிறது. அது கற்றுக் கொடுத்தவரைக் கூட்டிவருகிறது. கதைநாயகன் தஞ்சிரோ நீர் மூச்சின் முதல் வடிவத்தைச் சொல்லும்போது அவனுக்குப் பின்னால் ஆசான் உரொகொடாகி நிற்கிறார். தகப்பன் ஆடிய தீக்கடவுள் நடனத்தையே வாள்வீச்சாக்கி அவன் வெட்டும்போது ஒரு குடும்பமே அந்த வீச்சில் இறங்குகிறது. அவன் தோழன் செனிட்சுவுக்கு இடி மூச்சின் ஆறு வடிவங்களில் முதலாவது ஒன்றே கைவந்தது; அந்த ஒன்றை அவன் ஆயிரம் முறை தீட்டி வைத்திருக்கிறான். தோழர்கள் அதை அறிந்திருப்பதால் எந்தக் கணத்தில் எந்தத் திசையில் அவன் பாய்வான் என்று கணக்கிட முடிகிறது. ஆக, பெயரிட்ட அடி ஒரு குழுவுக்கு விடும் அறிவிப்பும் ஆகிறது.

2021 டிசம்பரில் தொடங்கி 2022 பெப்ரவரியில் முடிந்த, அனிமேயின் யோஷிவாராப் பகுதியில் இது உச்சம் காண்கிறது. டாக்கி என்ற தங்கையும் கியூத்தாரோ என்ற அண்ணனும் ஓருயிர் போன்ற இரட்டை அரக்கர். இருவர் தலையும் ஒருசேர விழுந்தாலன்றி இருவருமே சாகார். மூத்த வீரன் உசுய் தெங்கெனுக்கு இடக்கை போகிறது, ஒரு கண் போகிறது. ஆயினும் எதிரியின் அசைவுகளை ஓர் இசைக் குறிப்பாக மனத்தில் எழுதிப் படித்துவிட்ட பிறகே அவன் இறுதி மோதலில் இறங்குகிறான். அவன் மனைவி ஹினாட்சுரு எய்த நஞ்சு தோய்ந்த கத்திகள் கியூத்தாரோவைச் சில நொடிகள் தளர்த்தியிருந்தன. செனிட்சுவும் இன்னொரு தோழன் இனொசுக்கேயும் டாக்கியின் கழுத்தை அறுக்கிறார்கள். அதே நேரம் தஞ்சிரோவின் வாள் கியூத்தாரோவின் கழுத்தில் இறங்குகிறது. அந்த வெட்டை யாருடையது என்று சொல்வது?

இனி, முருகன் சூரனை வென்ற கதையைச் சொல்லும் கந்தபுராணம். கச்சியப்ப சிவாச்சாரியார் வீரபாகு முதலான ஒன்பதின்மரையும் அவர்களோடு தோன்றிய இலக்கம் வீரரையும் பிறப்பிலேயே ஒரு கூட்டமாக அமைக்கிறார். இலக்கத்தொன்பதின்மர் என்று அவர்களுக்கு ஒரே பெயர். அம்மையின் சிலம்பிலிருந்து சிதறிய நவமணிகளில் எழுந்த ஒன்பது சத்திகள் அவர்களின் தாயர். தலைவனும் ஒருவகையில் கூட்டமே. சரவணத்தில் ஆறு குழந்தைகளாக வளர்ந்தவனை அம்மை அள்ளி அணைத்தபோதுதான் அவன் ஓருருவான கந்தன் ஆனான். தேரோட்டுபவன் வாயு. மயிலாகி நிற்பவன் இந்திரன். சேவலாகிக் கொடியில் கூவுபவன் அக்கினி.

இங்கும் ஆயுதங்களுக்குப் பெயர் உண்டு. பெயர் சொல்லியே விடப்படுகின்றன. தீப்படை வந்தால் வருணப்படை, மோகப்படை வந்தால் அமோகப்படை என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறது. கிரவுஞ்ச மலையில் சூரனின் தம்பி தாரகனின் மாயத்துள் நுழைந்த வீரபாகுவும் தோழரும் மயங்கிக் கிடக்கிறார்கள். முருகன் விட்ட வேல் மலையைப் பிளந்து தாரகனை வீழ்த்தி அவர்களை மீட்கிறது. பிறகு சூரன் மகன் பானுகோபனின் மாயப்படை அவர்களைக் கடலுக்குள் எறிகிறது. அப்போதும் வேலே போய்த் திரும்பக் கொண்டுவருகிறது. முதல்முறை மலையைப் பிளந்ததற்கும் இரண்டாம் முறை கடலுள் சென்றதற்கும் தோழரே காரணம். வேலின் வேலைகளில் பாதி மீட்பு வேலை என்பதை நம் வாசிப்புகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

முழுமுதற் கடவுளுக்குத் துணைவர் எதற்கு, எல்லாம் திருவிளையாடல்தானே என்று ஒரு மறுப்பு எழலாம். சித்தாந்த நோக்கில் அதில் உண்மை உண்டு. ஆனால் காப்பிய அமைப்பு வேறொன்று சொல்கிறது. தோற்றுத் தோற்று எழுந்த வீரபாகுவே இறுதியில் பானுகோபனைக் கொல்கிறான். அங்கே வேல் வரவில்லை. சூரனின் இன்னொரு தம்பி சிங்கமுகனை வீழ்த்துவது வச்சிரமாகிய குலிசம். அங்கும் வேல் வரவில்லை. வேலுக்குப் பெருமை சேர்ப்பதற்காக மட்டுமே கதை நடந்திருந்தால் இந்த இரண்டு இடங்களையும் புலவர் வீணாக்கியிருக்க மாட்டார். எந்த அடி யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரு பங்கீடு அவர் மனத்தில் இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில் சூரன் போர் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரத்தில் செய்த பெரிய சூரன் உருவத்தைத் தண்டுகளில் ஏற்றி இளந்தாரிகள் தோளில் சுமக்கிறார்கள். மேளம் விரைய விரைய அவர்கள் முன்னே ஓடுகிறார்கள், சட்டென்று பின்வாங்குகிறார்கள், ஒருபக்கம் சாய்க்கிறார்கள், குலுக்குகிறார்கள். இதற்குச் சூரன் ஆட்டுதல் என்று பெயர். முன்தண்டுக்காரன் குனியும்போது பின்தண்டுக்காரன் நிமிராவிட்டால் உருவம் சரிந்துவிடும். யாரும் வாய்விட்டுக் கட்டளையிடுவதில்லை. மேளத்தின் நடையும் பக்கத்துத் தோளின் அழுத்தமும்தான் சைகை. இடையில் ஒருவர் மேலே ஏறித் தாரகனின் யானைத் தலையைக் கழற்றிச் சிங்கமுகனின் சிங்கத் தலையை மாட்டுகிறார். பிறகு சூரனின் சொந்தத் தலை வரும், பிறகு மாமரம். எதிரே முருகன் அமைதியாக எழுந்தருளி நிற்கிறார். தெங்கென் மனத்தில் எழுதிய இசைக் குறிப்பைப் படித்தபோது எனக்கு இந்த மேளமும் தோள்களும்தான் நினைவில் வந்தன. திருச்செந்தூர்க் கடற்கரையிலும் சூரன் தலை மாறுகிறான். ஆனால் ஆட்டுகிற அழகில் யாழ்ப்பாணத்துக்காரர் தனி என்பது என் துணிபு.

சூரனைச் சுமப்பவர்களும் முருகன் அடியார்களே என்பதையும் கவனிக்க வேண்டும். பகைவனின் ஆட்டம் நன்றாக இருந்தால்தான் வேல் விழும் கணம் நன்றாக இருக்கும். பெயர்பெற்ற அடிக்குப் பகைவனும் உழைக்கிறான்.

ஒற்றுமை இவ்வளவு இருந்தும் முடிவில் இரு கதைகளும் பிரிகின்றன. டீமன் ஸ்லேயரில் அரக்கன் சாம்பலாவதற்கு முன் அவனுடைய மனித வாழ்வு நினைவில் விரிகிறது. கியூத்தாரோ தங்கையை முதுகில் சுமந்துகொண்டு நரகத் தீக்குள் நடக்கிறான். தஞ்சிரோ அவர்களுக்காக வருந்துகிறான். அவனால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. கந்தபுராணத்தில் வேல் பிளந்த சூரன் சேவலும் மயிலுமாகப் பாய்ந்து வருகிறான். பார்வை ஒன்றால் முருகன் இரண்டையும் தெளிவிக்கிறான். இந்திரனும் அக்கினியும் வகித்த இடங்கள் சூரனுக்குப் போகின்றன. பகைவன் படையில் சேர்ந்துவிட்டான். கூட்டு முயற்சி என்பதன் எல்லையை இவ்வளவு தூரம் தள்ளிய கதை வேறு எது என்று தேடிப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த அனிமேக்களில் பகைவன் நண்பனாவது உண்டு, ஆனால் அவனை வெட்டிய அடியே அவனைச் சேர்த்துக்கொள்வது அரிது.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராணக் கலாசாரம் என்று அழைத்தார். கோயில்களில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் அதன் உயிர். அதுவும் இருவர் வித்தை. அம்மருட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு எட்டவில்லை என்று கவலைப்படுகிறோம். அவர்கள் வேறொரு மொழியில், வேறொரு நாட்டுக் கதையில், அதே போர் இலக்கணத்தைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். வாசிப்பு ஏற்கெனவே நடக்கிறது. பயன் சொல்ல ஆள் வேண்டும்.

அன்றைக்கு அம்மம்மா சொன்னார். விரதக் களைப்போடு நாற்காலியில் சாய்ந்தபடி, தாரகனில் தொடங்கி மாமரம் வரை சொல்லி, மரம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல் என்று முடித்தார். பையன் மறுபடியும் வாளை ஓங்கினான். தங்கையும் தலகணியும் ஒருசேர விழுந்தார்கள். அவள் உடனே எழும்பிவிட்டாள்.

"நான் சேவல்," என்றாள். "இனி உன்ர பக்கம்."