தபாலில் வளர்ந்த பாட்டு

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டச்சுப் பொறியாளர் லூ ஓட்டன்ஸ், ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக் கோட்டுப் பைக்குள் நுழைகிறதா என்று பார்த்தார். புதிய ஒலிப்பதிவுக் கருவி அந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளியானது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். தொடக்கத்தில் இசைத் தரத்தை எதிர்பார்த்து அதை வாங்கியவர்கள் குறைவு.

1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம், டாஸ்காம் என்ற பெயரில், போர்ட்டாஸ்டூடியோ 144-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக் (ஒலித்தடம்), திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் பதிந்தது. ஒன்றில் கிதாரைப் பதிந்து, அதைக் கேட்டபடியே அடுத்ததில் பாடலாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் (1982) வீட்டில் இப்படித்தான் பதிவானது.

ஆனால் என் மனம் போவது வேறொரு கூட்டத்தின் பக்கம். இரண்டு டிராக்கை நிரப்பி, மீதி இரண்டைக் காலியாக விட்டு, கேசட்டை உறையிலிட்டுத் தபாலில் சேர்த்தவர்கள் அவர்கள். பெறுபவர் முன்பின் பார்த்திராத ஆளாக இருக்கலாம். அவரிடமும் நான்கு டிராக் கருவி இருந்தால் காலி இடத்தில் தன் ஒலியைச் சேர்ப்பார். இல்லாவிட்டால், வந்ததை ஒரு டெக்கில் ஓடவிட்டு, தான் வாசிப்பதையும் கலந்து இன்னொரு டெக்கில் பதிந்து அனுப்புவார். நான்கு டிராக் கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டவருக்கு ஒரு விந்தை காத்திருக்கும்: முதல் பக்கத்தில் இரண்டு டிராக் பாதி வேகத்தில் ஊர்ந்து வரும்; திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னிருந்து முன்னாக ஒலிக்கும். சோதனை இசைக்காரருக்கு அதுவும் ஒரு மூலப்பொருள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், டோக்கியோவில் மெர்ஸ்பவ் என்ற பெயரில் இயங்கும் மசாமி அகிதா. அவர் ‘லோயஸ்ட் மியூசிக் அண்ட் ஆர்ட்ஸ்’ என்ற தன் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியதே மற்றவர்களோடு கேசட் மாற்றிக்கொள்ளத்தான். சுரங்க ரயில் நிலையக் குப்பைத் தொட்டிகளில் கிடைத்த பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, அதையே உறையாக்கினார். நியூயார்க்கில் அல் மார்கோலிஸ் 1984-இல் தொடங்கிய ‘சவுண்ட் ஆஃப் பிக்’ நிறுவனம் சுமார் 300 கேசட்டுகளை வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் டான் காம்பாவ், 1985 முதல் கே.கே.யு.பி. வானொலியில் இத்தகைய வீட்டுப் பதிவுகளை ஒலிபரப்பினார்.

பயணத்தில் கேசட் தேயும். ஒரு நாடாவிலிருந்து அதே தரமுள்ள இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். இரண்டு கருவிகளிலும் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகாவிட்டால் சிம்பலின் கூர்மை மழுங்கும். ஓட்ட வேகம் சற்றே மாறினால் சுருதி நழுவும். நாலைந்து கை மாறிய பதிவில் மெல்லிய சத்தங்கள் இரைச்சலுக்குள் முங்கிவிடும். அதைக் குறையென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. எதிர்முனைக்காரர் அந்த இரைச்சலையும் கேட்டுத்தான் தன் பங்கை வாசித்தார். அதையும் அவர் கூட்டாளியாகவே எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரே அறையில் வாசிப்பவர்கள் கண்ணால் பேசிக்கொள்வார்கள்; பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்வார்கள். இங்கே அதற்கு வழியில்லை. வந்ததை வந்தபடி ஏற்று, தான் சேர்த்ததை நம்பி அனுப்ப வேண்டும். அது எப்படி மாறி வருமென்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வளவு முரட்டுத்தனமான, எதிர்பாராத சேர்க்கைகள் பிறந்ததற்கு இந்தத் தூரமே காரணம் என்பது என் எண்ணம்.

இந்த வழக்கம் பிறகு டிஜிட்டல் நாடாவுக்கும் தாவியது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜிம்மி டம்பொரெல்லோ இசையமைத்து டாட் எனப்படும் அந்த நாடாக்களை அனுப்ப, சியாட்டிலில் பென் கிப்பர்ட் பாடித் திருப்பி அனுப்பினார். 2003-இல் ‘கிவ் அப்’ ஆல்பம் வெளியானது. குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தி போஸ்டல் சர்வீஸ்’. அமெரிக்க அஞ்சல் துறை தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று கடிதம் அனுப்பியது. பேச்சுவார்த்தைக்குப் பின் பெயருக்கு அனுமதி கொடுத்து, அந்த ஆல்பத்தைத் தானே விற்கவும் செய்தது.